தேயிலை ஸ்டோர் சுற்றுலா: மெஷினை நன்றாகக் காட்டுகிறார்கள், கணக்கை விட்டுவிட்டார்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஒரு பழைய தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போனேன். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டோர், இன்றும் ஓடுகிறது. கீழே மெஷின்கள், மேல் மாடியில் ஒரு சின்னக் காட்சிச்சாலை, பக்கத்துக் கட்டடத்தில் ருசி பார்க்கும் அறையும் கடையும். சற்றுத் தள்ளி, பழைய துரை (தோட்ட நிர்வாகி) பங்களாவில் மாலைத் தேநீர் கொடுக்கிறார்கள். தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. நல்லதும் சொல்லப் போகிறேன், குறையும் சொல்லப் போகிறேன். அங்கே நிற்கிற பிள்ளைகளின் வேலைக்கு என்னால் இடைஞ்சல் வரக் கூடாது. இப்படிப்பட்ட சுற்றுலா இப்போது மலைநாட்டில் பல ஸ்டோர்களில் இருக்கிறது. எங்கே போனாலும் என்ன பார்க்கலாம், என்ன கேட்கலாம் என்பதற்கு இது உதவும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் பிறந்தவள். இருபது வருஷத்துக்கு மேலாக ஹட்டன் டவுனில் கணக்கு எழுதும் வேலை. அம்மாவுக்கு 65 வயது. நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இத்தனை வருஷத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தைத் தாண்டி ஸ்டோருக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. அதற்காகத்தான் போனோம்.

டிக்கெட் நம் நாட்டவருக்கு 800 ரூபா, பிள்ளைகளுக்குப் பாதி. ஐந்து கோப்பை ருசி பார்ப்பதும் அதில் சேரும். காலை எட்டரைக்கு முன்னால் போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு போனால் உருட்டு வேலை முடிந்திருக்கும், நின்ற மெஷினைத்தான் பார்ப்பீர்கள். தலைக்குத் தொப்பியும் காலுக்கு உறையும் தருகிறார்கள். மேல் மாடிக்கு மரப்படி, செங்குத்து, ஒரு பக்கம்தான் கைப்பிடி. முழங்கால் வலி உள்ளவர்களைக் கையைப் பிடித்து ஏற்றுங்கள். டொய்லட் சுத்தமாக இருந்தது.

எங்களைக் கூட்டிப்போன தம்பி கீழ் லயத்துப் பிள்ளை. அவனுடைய அப்பாவும் இதே ஸ்டோரில் வேலை செய்தவராம். முதல் பத்து நிமிஷம் மனப்பாடம் பண்ணிய இங்கிலீஷில் சொன்னான். "தம்பி, நம்ம பாசையிலயே சொல்லுங்க" என்றேன். முகமே மாறிவிட்டது. அதற்குப் பிறகு அவன் சொன்னது ஒவ்வொன்றும் அருமை.

வாடல் மாடியில் நீளத் தொட்டிகள். அடியில் வலை, அதற்கும் அடியில் பெரிய காற்றாடி. முன்பெல்லாம் சாக்குத் துணித் தட்டுகளில் அடுக்கடுக்காகக் கையால் தூவி வாட்டினார்களாம். அதற்காகத்தான் பழைய ஸ்டோர்களுக்கு இத்தனை மாடியும் இத்தனை ஜன்னலும். ராத்திரி முழுக்க வாடியதில் கொழுந்தின் எடை ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒரு பிடி அள்ளி அம்மாவின் கையில் கொடுத்து, "நல்லா இறுக்கிப் பிடிச்சு விடுங்க பாட்டி" என்றான் தம்பி. பந்து மாதிரி அப்படியே நின்று, பிறகு மெல்ல அவிழ்ந்தது. அதுதான் சரியான வாடலாம். அம்மா அதை இரண்டு தடவை செய்து பார்த்தார்.

ரோலரைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். வட்ட மேசை, மேலே ஒரு பெட்டி, பெட்டி சுற்றச் சுற்ற இலை முறுக்கிச் சாறு வருகிறது. பச்சைப்புல் வாசம் முதலில். கால் மணி நேரத்தில் அதே இலை செம்பு நிறத்துக்குத் திரும்பி, பழுத்த பழ வாசம் அடிக்கத் தொடங்குகிறது. அடுத்தது சூட்டு அடுப்பு. பெல்ஃபாஸ்ட் நகரத்து 'சிரோக்கோ' என்று வார்ப்பு எழுத்துப் பலகை இன்னும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த சாமுவேல் டேவிட்சன் கச்சாரில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பதைத் தம்பி சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். குறித்துக்கொண்டான்.

சலிக்கிற இடத்தில் அவன் சொன்ன ஒரு கணக்கு அம்மாவை நிறுத்திவிட்டது. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்.

"அப்ப 18 கிலோ எடுத்தா நாலு கிலோ தூளா?"

"ஆமாங்க பாட்டி."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. நாற்பது வருஷமாகத் தினமும் தராசில் கூடை வைத்தவருக்கு இந்த ஒரு வகுத்தலை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்கே 800 ரூபா தகும்.

இனி மேல் மாடிக் காட்சிச்சாலை. என் மனக்குறை முழுவதும் இங்கேதான்.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் பெரிய படம். 1867-ல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது, 1869-ல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது, 1873-ல் 23 றாத்தல் தேயிலை லண்டன் போனது, 1883-ல் கொழும்பில் முதல் ஏலம், 1890-ல் லிப்டன் வந்து தோட்டம் வாங்கியது. எல்லாம் சரியாக, அழகாக எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் கூடை சுமந்த பெண்களின் படம் ஒன்று. அதன் கீழே, தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்தார்கள் என்று ஒரே வரி. இங்கிலீஷிலும் சிங்களத்திலும் இருந்தது. தமிழில் இல்லை.

எப்படி வந்தார்கள், யார் செலவில் வந்தார்கள், வந்த பிறகு ஏன் போக முடியவில்லை என்று எங்கேயும் இல்லை. ஆனால் அதைச் சொல்லக்கூடிய பொருள் இரண்டு அதே அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது!

முதலாவது, இடது பக்கப் பெட்டியில் உள்ள செக்ரோல், அதாவது ஆள் வரவும் கூலியும் எழுதும் புத்தகம். 1930களில் உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பழைய கணக்கேடு என்று மட்டும் சீட்டு. கணக்கு எழுதுபவள் கணக்கேட்டைப் பார்த்தால் நகர மாட்டாள். நான் அரை மணி நேரம் நின்று படித்தேன். இடது ஓரத்தில் ஆளின் நம்பர், அதற்குப் பிறகுதான் பெயர். பிறகு 31 கட்டங்கள். முழுநாள் வேலைக்கு ஒரு கோடு, அரை நாளுக்கு ஒரு சின்னக் குறி. கூட்டுத்தொகை, கூலி, அதற்குப் பிறகு கழிவுகள்: அரிசி, முற்பணம், கம்பளி, டோபி. கடைசிக் கட்டத்தில் கையில் கொடுத்தது.

ஒரு பெண்ணின் வரியை முழுதாகக் கூட்டிப் பார்த்தேன். 19 முழுப் பேரு (முழுநாள் வேலை), 6 அரைப் பேரு (அரை நாள்), ஆக 22. நாளுக்கு 43 சதம் வீதம் 9 ரூபா 46 சதம். 1927-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டில் முதலில் நிர்ணயித்த கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. அந்தப் பெண்ணின் வரியில் அரிசிக்கு மட்டும் பாதிக்கு மேல் போயிருந்தது. அரிசி கொடுத்ததும் தோட்டம், விலை போட்டதும் தோட்டம், பிடித்ததும் தோட்டம். ஒரே புத்தகத்தில் கூலி கொடுப்பவரும் கடைக்காரரும் ஒரே ஆளாக இருந்தால் மீதி எவ்வளவு நிற்கும் என்று கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் கண்ணாடியில் விரலை வைத்து, "இது அரைப் பேரு" என்றார். "இங்க பாரு, திங்கக்கெழம, செவ்வாக்கெழம ரெண்டு நாளும் அரைப் பேரு. புள்ளைக்குக் காச்சல் கண்டிருக்கும். இல்லாட்டி பெரட்டுக்குப் பிந்தியிருப்பா." பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது. நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டார். என் மகள் ஃபோனை வெளியே எடுத்து அம்மாயி சொல்வதைப் பதிவு செய்யத் தொடங்கினாள். பின்னால் நின்ற வெளிநாட்டுக்காரர் இருவருக்குத் தம்பி அதை மொழிபெயர்த்தான். அந்த நாளில் நடந்த மிக நல்ல விளக்கம் அதுதான்.

இரண்டாவது பொருள், பக்கத்தில் உள்ள தகர வில்லை. ஒரு ரூபா நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, ஓட்டை போட்டது, ஒரு எழுத்தும் இரண்டு எண்களும் அடித்தது. டின் டோக்கன் என்று மட்டும் எழுதியிருக்கிறது. யார் பார்த்தாலும் கொழுந்துக் கூடைக்கோ தேயிலைப் பெட்டிக்கோ கட்டுவது என்றுதான் நினைப்பார்கள். அது மனிதர் கழுத்தில் கட்டியது. 1900களின் தொடக்கத்தில் வந்த டின் டிக்கெட் முறை. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அந்த வில்லையில் இருக்கும். கப்பல், ரயில், வழிச் சாப்பாடு எல்லாவற்றையும் அரசாங்கம் கடனுக்குக் கொடுத்து, வில்லையைப் பார்த்துத் தோட்டத்திடம் வசூலித்தது. தோட்டம் அதை ஆள் தலையில் எழுதியது. அம்மாவின் அம்மாயி சின்னப் பிள்ளையாக, இந்தியக் கரையில் ஆட்களைத் தங்க வைத்த மண்டபம் கேம்பில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறி வந்தவர். கழுத்தில் தகரம் கட்டி விட்டதையும், கடலில் விழுந்துவிடும் என்று வாயில் கடித்துக்கொண்டு வந்ததையும் அவர் சொல்லி அம்மா கேட்டிருக்கிறார். என் மகள் பெட்டிக்கு முன் உட்கார்ந்தே விட்டாள்.

காட்சிச்சாலையில் கங்காணியின் படமும் ஒன்று உண்டு. தலைப்பாகை, கோட், கையில் குடை. வேலையை மேற்பார்வை செய்தவர் என்று போட்டிருக்கிறது. பொய் இல்லை, ஆனால் முக்கால்வாசி விட்டுப்போயிற்று. திருச்சி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தவர் அவர்தான். அதற்குத் துரையிடம் 'கோஸ்ட் அட்வான்ஸ்' என்ற முற்பணம் வாங்குவார். ஊரில் உள்ள கடனை அடைக்க, வழிச் செலவுக்கு, புதுத் துணிக்கு என்று அதில் கொஞ்சத்தைக் குடும்பத்துக்குக் கொடுப்பார். முழுவதும் கடனாக ஏறும். தன் ஆட்கள் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் அவருக்குக் காசு கொடுத்தது. சொந்தக்காரர், ஊர்க்காரர், கடன் கொடுத்தவர், வேலை வாங்குபவர் எல்லாம் அந்த ஒரே தலைப்பாகைக்குள். ஆகவேதான் அவரை எதிர்த்துப் பேசுவது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது.

பிறகு துண்டு. எங்கள் லயத்தில் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிற சொல். ஒரு கங்காணியும் அவர் ஆட்களும் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் துரை ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். இத்தனை ஆள், மொத்தக் கடன் இத்தனை ரூபா, யாராவது கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறேன். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். புதுத் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார், கூடவே கங்காணிக்குப் புதிதாக அட்வான்சும் கொடுப்பார். புதுத் தோட்டத்துப் புத்தகத்தில் முதல் வரியே பழைய கடன்தான், அதுவும் முன்பைவிடக் கூடிய தொகை. இருபது வருஷம் கணக்கு எழுதியவள் சொல்கிறேன், கடன் வாங்கியவர் வேலை செய்யச் செய்யக் கடன் குறைய வேண்டும். இங்கே ஆள் வேலை செய்துகொண்டே இருக்கிறார், கடன் கைமாறிக் கைமாறிப் பெருத்துக்கொண்டே போகிறது. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனாலோ 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், ஜெயிலுக்குப் போக வேண்டும். 1921-ல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

1854-லேயே துரைமார் கண்டியில் தங்களுக்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். அது காட்சிச்சாலையில் இருக்கிறது, நல்ல படத்தோடு. 1931-ல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்ததும், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டியதும் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தது இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி 1984-ல்தான் வந்தது என்பதும் இல்லை. அம்மா வேலைக்குப் பேர் பதிந்து ஏழு வருஷம் கழித்துத்தான் அது வந்தது, அவரே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

ருசி பார்க்கும் அறை நன்றாக இருந்தது. ஓபி, பிஓபி, பிஓபிஎஃப், பெக்கோ, டஸ்ட் ஒன்று என ஐந்து தரத்துத் தூள், ஐந்து கோப்பை. கரண்டியால் சத்தமாக உறிஞ்ச வேண்டுமாம், மகளுக்கு அது ரொம்பப் பிடித்தது. எனக்கு பிஓபிதான். அம்மா கடைசிக் கோப்பையைத் தேடிப் போய் இரண்டாம் தடவை குடித்தார். கடையில் விலை டவுனைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் தூள் புதிது, வாசம் ஒரு மாதமாக நிற்கிறது.

பங்களாத் தேநீருக்கு நாங்கள் போகவில்லை. ஆளுக்கு 2,800 ரூபா. 2020-ல் ஓய்வு பெறும்போது அம்மாவின் நாட்கூலி 700. நான்கு நாள் கூலியைக் கேக்குக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான். ஸ்டோருக்கு வெளியே மதிலில் உட்கார்ந்து, கொண்டு போன ரொட்டியையும் கட்டச்சம்பலையும் சாப்பிட்டோம். அதை யாரும் தடுக்கவில்லை, தம்பி தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தான்.

பழைய லயக் காம்பரா (அறை) ஒன்றையும் வெள்ளையடித்துப் படம் எடுக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே ஒரு பானையும் ஒரு கூடையும். அதில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். எங்கள் காம்பராவில் ஏழு பேர்.

புறப்படும் முன் பொறுப்பாளரைப் பார்த்துப் பேசினேன். மரியாதையாகக் கேட்டார். பலகைகள் கொழும்பில் செய்வித்தவை, மாற்றுவதென்றால் மேலே கேட்க வேண்டும் என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வருகையாளர் புத்தகத்தில் தமிழில் மூன்று கோரிக்கை எழுதினேன்: எல்லாப் பலகையிலும் தமிழ், செக்ரோலுக்கும் தகர வில்லைக்கும் சரியான விளக்கம், ஓய்வு பெற்ற கொழுந்தாள் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அந்த அறையில் உட்கார வைப்பது. மூன்றாவதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன்.

புள்ளி கேட்பவர்களுக்கு: மெஷின் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து. தம்பிக்கும் அப்படியே. மேல் மாடிக்கு இரண்டு. அந்த இரண்டும் பொருள்களைத் தூக்கி எறியாமல் காப்பாற்றி வைத்ததற்கு. வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், நடக்க முடியாதவர்களைக் கீழ் மாடிக்காவது.

போன கிழமை தம்பி ஃபோன் எடுத்தான். "அக்கா, துண்டப் பத்தி நாலு வரி தமிழ்ல எழுதி அனுப்புங்க, பெட்டிக்குப் பக்கத்துல நான் ஒட்டி வைக்கிறேன், பெரியவர் சரின்னுட்டாரு" என்றான். அன்று இரவே எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவர் சொன்ன இடத்தில் 'தொழிலாளி' என்பதை 'ஆளு' என்று மாற்றி அனுப்பினேன். இன்னும் ஒட்டியதாகத் தகவல் இல்லை. யாராவது அந்தப் பக்கம் போனால் படி ஏறியதும் இடது கைப் பெட்டியைப் பாருங்கள், இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அம்மா தினமும் கேட்கிறார்.